ஊரார் வீட்டு நெய்யும் சைக்கிள் தர்மமும்

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஒரு பழமொழி உண்டு. தர்மத்துக்கு நிதி திரட்டுகிறேன் என்று கூட்டமாக நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்களைப் பார்த்தால் பலருக்கும் இதுதான் ஞாபகம் வருகிறது. "ஊர் சுத்த ஆசை, அதுக்கு அடுத்தவன் காசு, மேலே ஏழைங்க பேரு. அந்தப் பணத்தை நேரா ஏழைகிட்டயே கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிதான் நியாயம்.

அமெரிக்காவில் ஃபுல்லர் வீட்டுவசதி மையம் என்றொரு கிறிஸ்தவ அமைப்பு இருக்கிறது. மில்லார்ட் ஃபுல்லர் 2005ல் தொடங்கியது. 1976ல் மனைவி லிண்டாவோடு சேர்ந்து ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டியை ஆரம்பித்த அதே மனிதர்தான். 2009ல் இறந்துவிட்டார். ஏழைக் குடும்பங்களுக்கு லாபமில்லாமல், வட்டியில்லாமல் வீடு என்பதுதான் கொள்கை. ஏழையிடம் வட்டி வாங்கக்கூடாது என்று யாத்திராகமம் 22ம் அதிகாரத்தில் இருப்பதை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குடும்பம் தவணையில் திருப்பிக் கட்டும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. 

இந்த மையத்தின் சைக்கிள் பயணம் 2008ல் தொடங்கியது. முதல் பயணமே பசிபிக் கரையின் சான் டியேகோவிலிருந்து அட்லாண்டிக் பக்கத்துச் சவானா வரை. இரவுப் படுக்கை வழியிலுள்ள சபைகளில். இடையிடையே சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, சுத்தியலை எடுத்து வீடு பழுது பார்க்க வேண்டும்.

'நேராகக் கொடுக்கலாமே' கோஷ்டி ஒன்றை மறந்துவிடுகிறது. பயணம் இல்லாவிட்டால் அந்த நன்கொடையில் பெரும்பகுதி வந்தே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரும் கூட வேலை பார்க்கிறவரும் வீட்டுவசதிக் கொள்கையைப் படித்துவிட்டா பணம் தருகிறார்கள்? தெரிந்த ஒரு ஆள் இவ்வளவு கஷ்டப்படத் தயாராக இருக்கிறானே என்றுதான் தருகிறார்கள். ஃபுல்லருக்கு இது நன்றாகவே தெரியும். 1983ல் ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் ஊரிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை 700 மைல் நடந்தவர் அவர்.

ஆக, கொடுக்கிறவர் பதிலுக்கு வாங்குவது ஒரு வாக்கு: 'நான் மிதிப்பேன்.' சண்டையே இங்கேதான். அந்த வாக்குக்குப் பின்னால் இருக்கிற சரக்கு, கிளம்புவதற்கு முந்தைய மாதங்களின் பயிற்சி. பயிற்சியில்லாமல் வருகிறவர் சரக்கே இல்லாமல் பில் போடுகிறார். "கர்த்தர் பெலன் தருவார், போகப் போகப் பழகிக்கலாம்" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? விசுவாசம் சோம்பலுக்குப் போடும் முக்காடு இல்லை.

ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டரைச் சுற்றி, வாரக்கணக்கில். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை சுமார் இரண்டு மணி நேரக் கடும் மிதிப்பில் தீர்ந்துபோகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற சைக்கிளில் தின்னுவதற்குக்கூட வயிற்றைப் பழக்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் நாம்தான். கூடவே நமக்குப் பின்னால் வரும் பாவப்பட்ட நாலு பேரும்!

பழகாதவர் மூன்றாம் நாள் வேனில் ஏறுவார். அவருக்காக ஒருவர் காத்திருப்பார், இன்னொருவர் அவர் சைக்கிளின் ட்யூபை மாற்றுவார். சுத்தியல் பிடிக்க வேண்டிய நாளில் ஏணியில் ஏறக் கால் வராது. இந்தச் செலவெல்லாம் யார் கணக்கில்? ஒழுகுகிற கூரையை அன்றைக்காவது மாற்றிவிடுவார்கள் என்று காத்திருந்த குடும்பத்தின் கணக்கில்.

"இது பந்தயமா என்ன? சபை ஐயா! பலவீனரையும் சேர்த்துக்கொள்வதுதானே கிறிஸ்தவம்?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. ஆனால் மெதுவாகப் போவது வேறு, தயாராகாமல் போவது வேறு. ஆறு மாதம் பழகிய அறுபது வயதுக்காரர் எல்லோருக்கும் கடைசியாகச் சாயங்காலம் வந்து சேரலாம். அவர் யாருக்கும் பாரமில்லை. போன வாரம் சைக்கிள் வாங்கிய இருபது வயதுக்காரர்தான் பாரம். பலவீனத்தில் தப்பில்லை. தவிர்த்திருக்கக்கூடிய பலவீனத்துக்கு அடுத்தவரிடம் பில் நீட்டுவதுதான் தப்பு.

தயாராவதற்கு விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த நாளில் நீண்ட தூரம் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் நாள்தான் உண்மையான பரீட்சை. பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே சீட்டில் உட்கார்ந்து பழக வேண்டும். பஞ்சரை யார் உதவியும் இல்லாமல் சரிசெய்யத் தெரிய வேண்டும். குழி வந்தால் பின்னால் வருகிறவருக்குக் கை காட்டும் பழக்கம் வர வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் பெயர் கொடுத்தவரிடம் எல்லோரும் கேட்பது "எவ்வளவு சேர்ந்தது?" என்று மட்டும்தான். அனுப்பி வைக்கும் சபை "போன வாரம் எத்தனை கிலோமீட்டர் மிதித்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த வருடம் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு நிதி திரட்டட்டும். அதுவும் ஊழியம்தான்.

நெய் ஊராருடையதுதான். மிதிக்கிற காலாவது சொந்தமாக இருக்கட்டும்.