வலிக்குச் சாட்சி கேட்காதீர்கள்

மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்ட சுமைப்பணித் தொழிலாளி, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் போன்றவர்களில் பலருக்குக் காயமும் வலியும் சில வாரங்களில் சேர்ந்தே ஆறிவிடுகின்றன. சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் வலி தங்கிவிடுகிறது. மூன்று மாதங்களைத் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். மாவுக்கட்டு எல்லார் கண்ணிலும் படும். இடுப்பு வலிக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. அதனால் மேஸ்திரியிடமும் மருத்துவரிடமும் இழப்பீட்டை முடிவுசெய்யும் மருத்துவக் குழுவிடமும், கடைசியில் வீட்டாரிடமும்கூட, வலிப்பது உண்மைதான் என்று அந்தத் தொழிலாளி நிறுவிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வலி உடலை வருத்துகிறது என்றால், இந்த ஓயாத விசாரணை மனத்தை வருத்துகிறது. அவரை நம்புவதிலிருந்து தொடங்காத சிகிச்சையாலும் இழப்பீட்டாலும் அவர் மீள மாட்டார் என்பதே என் வாதம்.

சந்தேகப்படுபவர்கள் முதலில் கைகாட்டுவது ஸ்கேனை. ஆனால் அது நம்பகமான நீதிபதி அல்ல. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. தேய்மானம் தெரிவதால் வலி உறுதியாகிவிடுவதில்லை. ஒன்றும் தெரியாததால் வலி பொய்யாகிவிடுவதும் இல்லை. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியது.

நம்பப்படாத மனிதரின் மனத்தில் அச்சம் எளிதில் வேர்விடுகிறது. குனிந்தால் தட்டு விலகிவிடுமோ என்று அஞ்சி அசையாமல் இருந்தால் தசைகள் தளர்கின்றன. தளர்ந்த உடல் இன்னும் வலிக்கிறது. அச்சம் மேலும் வளர்கிறது. இந்தச் சுழலை உளவியலாளர்கள் விளாயனும் லிண்டனும் 2000-இல் விரிவாக விளக்கினார்கள். நம் தினக்கூலித் தொழிலாளிக்கு இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் இன்னோர் அச்சமும் உண்டு: வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு நாள் முழுச் சுமையும் தூக்குகிறார். அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடக்கிறார். உழைப்பால் குடும்பத்தில் மதிப்புப் பெற்றவருக்கு, சும்மா கிடக்கும் அந்த மூன்று நாளும் அவமானமாகின்றன. அவமானம் தூக்கத்தைக் கெடுக்கிறது; தூக்கமின்மை வலியைக் கூட்டுகிறது.

மனத்தைப் பற்றிப் பேசினால் வலியைக் கற்பனை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற தொழிற்சங்கங்களின் அச்சத்தை மதிக்கிறேன். இழப்பீட்டை மறுக்க அந்தப் பேச்சு பயன்படலாம். ஆனால் நாள்பட்ட வலியில் பலருக்கு நரம்பு மண்டலமே வலியை உணர்வதில் கூர்மையடைந்துவிடுகிறது. பயமும் மனச்சோர்வும் அந்தக் கூர்மையைத் தீட்டுகின்றன. ஆகவே மனத்துக்குத் தரும் சிகிச்சையும் உடல் சிகிச்சையின் ஒரு பகுதிதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, நோயாளிக்கான விளக்கக் கல்வி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சேர்த்தே பரிந்துரைத்தது.

பணத்துக்காக நடிப்பவர்கள் இல்லையா என்பது இன்னொரு கேள்வி. சிலர் இருக்கலாம். ஆனால் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தற்காலிக ஊனப் பயன்கூடச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடுதான். அமைப்புசாராத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு அந்தக் காப்பீடும் எட்டுவதில்லை. சொற்பமான சில நடிப்புகளைப் பிடிப்பதற்காக எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமற்றது. தீங்கானதும்கூட. ஏனென்றால் வலியை நிரூபிக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் தன் முன்னேற்றத்தைக் காட்டிக்கொள்ளவே அஞ்சுவார்.

இதற்கெல்லாம் நம்மிடம் உளவியலாளர்கள் எங்கே என்று கேட்கலாம். அவர்களுக்காகக் காத்திராமலும் தொடங்க முடியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997-இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் தொடங்கியது. முதுகு வலியென்று படுத்துவிடாதீர்கள், இயன்றவரை நடமாடுங்கள் என்ற எளிய செய்தியே அது. மக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறின. முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் குறைந்தன. ஆனால் காயம்பட்டவருக்குத் தகுந்த வேலை தரும் கடமை அங்குள்ள முதலாளிகளுக்குச் சட்டப்படி இருந்தது. அது இல்லாமல் ‘நடமாடுங்கள்’ என்று மட்டும் சொன்னால், மறுபடியும் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைக்குக் கீழேதான் அவரை அனுப்புவோம்.

நமக்கும் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அந்த ஊழியர்களுக்கு வலியைப் பற்றிய அச்சத்தை அடையாளம் காணவும், அளவாக உழைப்பைக் கூட்டும் முறையைச் சொல்லித்தரவும் பயிற்சி தரலாம். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியருக்கு மாற்றுப் பணி தரச் சொல்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நாள்பட்ட வலியோடு திரும்பும் தனியார் துறைத் தொழிலாளிக்கும் சில மாதங்களேனும் இலகுவான வேலை கிடைக்க அரசு விதி வகுக்க வேண்டும். அதுவரை, முதலில் பார்க்கும் மருத்துவரேனும் ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாமல், ‘உங்களுக்கு வலிப்பது உண்மை; நடந்தால் உடைந்துவிட மாட்டீர்கள்’ என்று சொல்லட்டும். அதைச் சொல்லச் செலவில்லை.