வெறுமை என்ற சௌகரியம்

வெறுமை, மௌனம், எல்லையின்மை - இந்த மூன்று சொற்களின் துணையில்லாமல் பாலைவனத்தைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியாதவர்களாக நாம் ஆகிவிட்டோம். கவிதையில் பாலைவனம் வந்தால் அது மனத்தின் வறட்சி. சிறுகதையில் வந்தால் இருப்பின் அபத்தம். கட்டுரையில் வந்தால் ஆன்மீகம். அந்த மணலில் யாராவது குடியிருக்கக்கூடும், அவர்களுக்குக் கடன், கல்யாணம், மூட்டுவலி எல்லாம் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் நம் எழுத்தில் எழுவதேயில்லை. வெறும் கற்பனைப் பஞ்சம் என்றால் விட்டுவிடலாம். அதைவிட மோசமான விஷயம் இது என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் நர்ஸ். ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கில், ஆதிக்குடிகளின் குடியிருப்பு ஒன்றில் மருத்துவ நிலையத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். திரும்பி வந்ததும் இலக்கிய நண்பர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தத் தனிமை எப்படி இருந்தது? அவர்கள் முகத்தில் பொறாமைகூடத் தெரிந்தது. தனிமையா? ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படாத வாரம் எனக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்கு ஓர் உறவுப்பெயர் கொடுத்துவிட்டார்கள். பின்டுபி, லுரிட்ஜா மக்களிடம் உறவு எட்டு வகுப்புகளாக அமைந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். ஜப்பல்ஜாரி என்றால் ஆண். நப்பல்ஜாரி அவன் சகோதரி. ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டதும் ஊரில் எனக்கு யார் அண்ணன், யார் மாமன், எந்த மாமியார் எதிரே வந்தால் நான் ஒதுங்கிப்போக வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமாகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற ஊழியர்களில் பலர் இதைத் தங்களுக்குக் கிடைத்த விருதாக நினைத்துப் புல்லரித்துப்போவார்கள். இதில் விருதும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. முறை தெரியாத ஆளோடு எப்படிப் பழகுவது என்பதற்கு அங்கே வழி கிடையாது, அவ்வளவுதான். முறை சொல்லிக் கூப்பிடும் ஊரிலிருந்து போனவனுக்கு இது புரிய வெகுநேரமாகவில்லை.

அந்த நிலையத்தில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி ஊசி போடுவது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு இருதயம் கெடாமலிருக்க நாலு வாரத்துக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில், பென்சிலின் ஊசி போட்டாக வேண்டும். அது வலிக்கிற ஊசி. பையன்கள் ஓடிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் உள்ள விலாசத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சுகாதார ஊழியர் ஒரு பெண்மணி. எந்தப் பையன் எந்தச் சித்தி வீட்டில் படுத்திருப்பான், எந்தச் சாவுக்காக எந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைப்போன்ற நர்ஸுகள் மாறிக்கொண்டேயிருப்போம். ஒவ்வொரு புது ஆளுக்கும் அவர் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். நம் கவிஞர்கள் மௌனம் என்று எழுதும் இடத்தில் இவ்வளவு தகவல் புழங்குகிறது.

வெறுமை என்பது கவிஞனின் சொல் ஆவதற்கு முன்பே சர்க்காரின் சொல். 1788இல் பிரிட்டிஷார் வந்து இறங்கியபின் அந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பாவனையில்தான் சட்டம் நடந்தது. அந்தப் பாவனையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது 1992இல். இடையில் 1956, 1957 ஆகிய இரண்டு வருஷங்களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மரலிங்கா என்ற இடத்தில் பிரிட்டன் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தது. அங்கே ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். அந்த 'ஒன்றுமில்லாத' நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 2014இல் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் முதல்வர் 274 குடியிருப்புகளில் 150 வரை மூடவேண்டி வரலாம் என்றார். மறுவருஷம் பிரதமர் டோனி அப்பாட், அங்கே வாழ்வது அவரவர் விரும்பித் தேர்ந்துகொண்ட வாழ்க்கைமுறை, அதற்கு வரிப்பணம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்றார். குண்டு வெடித்தவனும் கணக்குப் பார்த்தவனும் கவிதை எழுதுகிறவனும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறார்கள். மூன்று பேர் கண்ணுக்கும் ஆள் தட்டுப்படவில்லை. கவிஞனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணம் நல்லது என்பதால் சொல் சுத்தமாகிவிடாது.

தொலைவு என்பதும் இப்படிப்பட்ட சொல்தான். எதிலிருந்து தொலைவு? பின்டுபி மொழியில் ஙுர்ரா என்றொரு சொல் உண்டு. இன்றிரவு படுத்துறங்கும் இடமும் அதுதான், வீடும் அதுதான், சொந்த பூமியும் அதுதான். நம் நெடுங்கணக்கில் ங என்ற எழுத்து இருந்தும் அதில் தொடங்கும் சொல் நமக்கு அநேகமாக இல்லை. அவர்களுக்கு வீடே அதில்தான் தொடங்குகிறது. மேற்கிலிருந்த பின்டுபி மக்களை அறுபதுகளில் பப்புன்யா என்ற சர்க்கார் குடியிருப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள், வேறு பல மொழிக்காரர்களோடு. நகரத்துக்கு அருகில், வசதிக்கு அருகில். அவர்கள் அங்கே செத்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் பலர் கிளம்பி மேற்கே கின்டோருக்குத் திரும்பிப்போய்க் குடியேறினார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் அது தொலைவுக்குப் போனது. அவர்கள் கணக்கில் தொலைவிலிருந்து திரும்பி வந்தது.

இனி ஓவியம். நம் சிற்றேடுகளின் அட்டைக்கு மிகவும் ஏற்ற விஷயம் என்பதால் இதைச் சொல்லவேண்டும். 1971இல் பப்புன்யா பள்ளிக்கூடத்துக்கு வந்த ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியரின் தூண்டுதலில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கே சொந்தமான பப்புன்யா டூலா என்ற ஓவியர் நிறுவனம் உருவாயிற்று. (அந்தச் சுவரைச் சில வருஷங்களில் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) உலகத்துக் காலரிகளில் இன்று தொங்கும் புள்ளி ஓவியங்களின் தொடக்கம் இது. நம் விமர்சகர்கள் இவற்றை அரூப ஓவியம் என்று பாராட்டுகிறார்கள். வட்டம் நீர்நிலை, வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் கோடு முன்னோர் நடந்த பாதை, அதை வரைய உரிமையுள்ளவன் அந்த இடத்தோடு பிறப்பால், உறவால் பிணைக்கப்பட்டவன் மட்டும். அடுத்தவன் இடத்தை அழகாக இருக்கிறதே என்று இவன் வரைந்துவிட முடியாது. சில விஷயங்களை ஆரம்பத்தில் வெளிப்படையாக வரைந்துவிட்டு, மற்றக் குழுக்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு மறைத்துக்கொண்டார்கள். அரூபம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, நமக்குக் காட்டக்கூடாது என்று அவர்கள் முடிவுசெய்தது. எதையும் எழுதலாம், எல்லா அனுபவமும் படைப்பாளிக்குச் சொந்தம் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிற நமக்கு இது உறைப்பது நல்லது.

அந்த ஓவியங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்கலாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணி நேரம் டயாலிசிஸ் தேவை. இயந்திரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்தது. ஆகவே கின்டோரின் கிழவர்களும் கிழவிகளும் ஊரையும் பேரன் பேத்திகளையும் விட்டு அங்கே போய், இயந்திரத்துக்கு அருகில் தங்கி, அந்நிய மண்ணில் செத்தார்கள். ஊரிலேயே இயந்திரம் வைப்பதற்கு வழியில்லாமலிருந்தது, அது 'தொலைவு' என்பதால். கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஆண்களும் பெண்களும் நான்கு பெரிய ஓவியங்களைக் கூட்டாக வரைந்தார்கள். 2000இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் காலரியில் இவற்றையும் வேறு ஓவியங்களையும் ஏலம் விட்டதில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. பின்னர் வேறு பல குடியிருப்புகளுக்கும் பரவியது. இதற்காக அவர்கள் அமைத்த நிறுவனத்தின் பின்டுபிப் பெயருக்கு, எங்கள் உறவுகள் எல்லோரையும் நலமாக்குவது என்று பொருள். கலை எதற்கு என்று ஓயாமல் விவாதிக்கிற நம் கூட்டங்களில் இந்த உதாரணத்தை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் பாலைத்திணையோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னவர்களும் உண்டு. மறுத்துவிட்டேன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை வேறொரு நிலத்தின் கெட்ட காலம். அதைக் கடந்து போகிறவன் பேசுகிறான், அவனை நினைத்து வீட்டில் இருப்பவள் பேசுகிறாள். அங்கேயே இருக்கிற எயினரும் மறவரும் பெரும்பாலும் வழிப்போக்கனுக்கு வரும் ஆபத்தாகவே நிற்கிறார்கள். வேட்டுவ வரி ஒரு விதிவிலக்கு. நம் அகத்துக்கு எழுதிய இலக்கணம் அது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. அதைக் கொண்டுபோய் அவர்கள் மண்மீது விரித்தால், பழக்கதோஷத்தில் அந்த மண்ணையும் கடந்துபோகும் இடமாக்கிவிடுவோம்.

வெறுமை வேண்டாம் என்றால் துயரத்தை எழுதலாமே என்பார்கள். அதுவும் சர்க்கார் வழிதான். 2007இல் வட பிரதேசத்தின் 73 குடியிருப்புகளில், குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கு என்று சொல்லி, ராணுவத்தைத் துணைக்கு அனுப்பி, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை ஒதுக்கிவைத்து, உதவிப்பணத்தில் பாதியை இன்னின்னதற்குத்தான் செலவிடலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். குழந்தைகளின் கஷ்டம் பொய்யில்லை. குடியும் அடிதடியும் என் கண்ணால் பார்த்தவை, தையல் போட்டவை. ஆனால் ஒரு ஊர் முழுவதையும் குற்றவாளியாகவோ நோயாளியாகவோ பார்ப்பதற்கு முதலில் அந்த ஊரில் தனித்தனி மனிதர்கள் இல்லாமல் போகவேண்டும். வெறுமைக் கவிதை செய்வதும் அதைத்தான்.

நாம் அங்கே போகாமலே பாலைவனம் எழுதலாம். அதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் எழுதுகிறவர் மூன்று விஷயங்களை விசாரித்துவிட்டு எழுதட்டும்: அங்கே குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த மணல்மேட்டின் பெயர் என்ன, அந்தப் பெயரைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்கவேண்டும். விசாரிக்கச் சோம்பலாக இருந்தால் தன் மன வறட்சியைத் தன் ஊர் மொட்டைமாடியில் வைத்தே எழுதிக்கொள்ளட்டும். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை.