லேசர் பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி என்ன செய்வார்? மேட்டூர் அணையைக் குறை சொல்லிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். (குறை சொல்வதும் உண்டு, அது வேறு கதை.) மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். இந்த மடையில் தண்ணீர் இருக்கிறதா? இல்லை. அதற்கு மேலே உள்ள மதகில்? இருக்கிறது. அப்படியானால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான். அங்கே போய் ஆகாயத்தாமரையை வாரிப் போட்டால் தண்ணீர் ஓடும்.

இவ்வளவு நல்ல முறை வயலில் இருக்க, பள்ளி ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அது ஏன் நுழைவதில்லை? சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்த சமயம், வெண்ணாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் கண்டது இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பிவிட்டது.

அங்கே சிறிய லேசர் வெட்டுக்கருவி ஒன்று இருக்கிறது. அட்டை, மெல்லிய மரப்பலகை, அக்ரிலிக் தகடு ஆகியவற்றைக் கணினியில் வரைந்தபடியே வெட்டித் தரும். உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். இவ்வகை லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல்; பிறந்த ஊர் மகாராஷ்டிரத்தின் பாராமதி.

மாணவர்கள் பெரிய கோயில் விமானத்தை அட்டையில் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கருவியை இயக்கியதும் வெட்டும் தலை ஓரத்துக்குப் போய், நிற்காமல், சட்டத்தில் மோதி 'கடகட'வென்று அதிர்ந்தது. பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் கருவியின் மேல் துணி, அறைக்குப் பூட்டு. வெளியூரிலிருந்து மெக்கானிக் வரவேண்டுமாம்.

ஏன் மோதியது தெரியுமா? இக்கருவியை நகர்த்துவது படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார். எத்தனை படி நகர வேண்டும் என்று அதற்குச் சொல்லலாம். இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ஆகவே இயக்கியவுடன் வெட்டும் தலை ஒரு மூலையை நோக்கிப் போகிறது. அங்கே உள்ள ஒரு சிறு ஸ்விட்சை அது தொட்டதும் 'இதுதான் பூஜ்யம்' என்று கணக்கு தொடங்குகிறது. எல்லைக்கல் போன்ற இதற்கு லிமிட் ஸ்விட்ச் என்று பெயர். தொட்ட செய்தி மின்பலகைக்கு வந்து சேராவிட்டால், மோட்டார் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. காசு சேர்த்துப் புதிய ஸ்விட்ச் வாங்கி மாட்டினார்கள். அதே 'கடகட'! பழைய ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று அவர்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, ஊகம்தான். சாட்சியே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஆசிரியரிடம் சாவி வாங்கி, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, வாய்க்கால் முறையில் தொடங்கினோம். மல்டிமீட்டரை ஸ்விட்சின் இரு முனைகளில் வைத்து நெம்புகோலை அழுத்தினால் 'பீப்' என்றது. ஆகா, ஸ்விட்ச் நல்லது! கழற்றிப் போட்ட பழையதை எடுத்துச் சோதித்தோம், அதுவும் நல்லதுதான். அடுத்து, கம்பி மின்பலகையில் சேரும் இடத்தில் செருகியைக் கழற்றி, அதன் முனைகளில் மீட்டரை வைத்து, மறுபடி ஸ்விட்சை அழுத்தினோம். சத்தமே இல்லை. மேல் மதகில் தண்ணீர் உண்டு, கீழ் மடையில் இல்லை என்றாகிவிட்டது.

"எலி கடித்திருக்கும் சார்" என்றான் ஒருவன். நம் ஊரில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி எலிதான்! ஆனால் கம்பியின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கம்பியை விரல்களால் மெதுவாக வளைத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் வளைக்கும்போது மீட்டர் 'பீப்' என்று கத்தி, விட்டதும் அடங்கியது. வெட்டும் தலை ஓடும்போதெல்லாம் அந்த இடம்தான் மடங்கி நிமிரும். உறை தாங்கிக்கொண்டது, உள்ளே இருந்த செம்பு இழைகள் அறுந்துவிட்டன. அரை மீட்டர் புதிய கம்பியில் வேலை முடிந்தது.

இங்கே இன்னொரு விஷயம் உண்டு. என் மனத்தில் இதுவே பெரிது. அந்த ஸ்விட்ச், தொட்டால் மின்சுற்று மூடும்படி இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே கம்பி அறுந்ததும் மின்பலகை, 'இன்னும் தொடவில்லை, போகலாம்' என்றே எண்ணியது. இதைத் தலைகீழாக, தொடாதபோது சுற்று மூடியிருந்து தொட்டால் திறக்கும்படி இணைத்தால்? அப்போது கம்பி அறுந்தாலும் 'தொட்டுவிட்டது' என்றே பொருள். கருவி மோதாமல் நின்றுவிடும். பழைய ரயில்வே கைகாட்டிகளின் தத்துவமும் இதுதான். இழுக்கும் கம்பி அறுந்தால், எதிர் எடையினால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும். சாதாரண லிமிட் ஸ்விட்சுகள் பலவற்றில் இரண்டுவித இணைப்புக்கும் முனைகள் உண்டு. மென்பொருளிலும் அதற்கேற்ப ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். மற்ற ஓரத்து ஸ்விட்சையும் அதே விதமாக இணைக்க வேண்டும். மாற்றினோம்.

வேறு சிலர் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். தொல்லை தரும் ஸ்விட்சின் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு, 'இப்போது ஓடுகிறது' என்பார்கள். சோதனைக்காக ஒரு நொடி இணைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே விட்டுவிடுவது வேறு. மூடியைத் திறந்தால் லேசரை அணைக்கும் பாதுகாப்பு ஸ்விட்சில் இந்த வேலையைச் செய்தால் கண்ணே போய்விடும். இந்த லேசர் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

ஆசிரியர்களின் பயத்தை நான் பரிகசிக்கவில்லை. பொருள் பதிவேட்டில் ஏறியது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். லேசர் குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தமோ பல ஆயிரம் வோல்ட்! அந்தப் பகுதியை அவசியம் பூட்டுங்கள். சாவியைக் கொடுக்கவே வேண்டாம். ஆனால் லிமிட் ஸ்விட்ச் பக்கம் ஓடுவது பெரும்பாலும் 5 வோல்ட். அதையும் சேர்த்துப் பூட்டுவது, கிணறு ஆழம் என்று வாய்க்காலில் கால் நனைக்கவும் தடை போடுவது போல.

புனே அருகே பாபல் என்ற கிராமத்தில் விஞ்ஞான ஆசிரமம் என்றொரு கல்வி நிலையம் உண்டு. கல்பாக் என்ற அறிவியலாளர் 1983-ல் தொடங்கியது. அங்கே மாணவர்கள் வேலை செய்தே பாடம் படிக்கிறார்கள். கணினியால் இயங்கும் கருவிகள் கொண்ட 'ஃபேப் லேப்' என்னும் பட்டறை 2002-ல் அந்தக் கிராமத்துக்கே வந்துவிட்டது. 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கும் கருவிகள் வந்துள்ளன. கருவி நன்றாக ஓடும் நாளில் மாணவனுக்குக் கிடைப்பது ஓர் அட்டைக் கோபுரம். பழுதான அன்றுதான் மோட்டார், மின்சுற்று, கம்பியின் களைப்பு எல்லாம் வெளியே வருகின்றன. அந்த நாளில் அறையைப் பூட்டினால் பாடமும் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையா? ஒரு டார்ச் செல், அதற்கேற்ற சிறு பல்பு, இரண்டு துண்டுக் கம்பி போதும். சோதிக்க வேண்டிய கம்பியின் இரு முனைகளையும் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, செல்லுக்கும் பல்புக்கும் இடையே அதை இணையுங்கள். பிறகு ஒரு சாண் இடைவெளியில் மெல்ல வளைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு கண் சிமிட்டும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.