யவனரும் வெண்திரையும்

'பென்ஹர்' (1959), 'கிளாடியேட்டர்' (2000) ஆகிய சித்திரங்கள் ரோமானியரைக் காட்டும் விதத்தில் குறைகாண மதுரைவாசிகளுக்கு என்ன அதிகாரம் என்று நண்பர் வினவுகிறார். ரோமப் பேரரசன் அகஸ்டஸுக்குப் பரிசில் அனுப்பிய இந்திய வேந்தர்களைச் சொல்லுமிடத்தில் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ பாண்டியனைக் குறித்திருக்க, ஆண்டுதோறும் 5 கோடிக்குக் குறையாத செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறதென்று ரோமானிய நூலாசிரியர் பிளினி அங்கலாய்த்திருக்க, வைகை கடல்சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்து மண்ணில் ரோமானியக் காசுகளும் மதுச்சாடிச் சிதைவுகளும் கிடைத்திருக்க, மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் காட்டியிருக்க, அவ்வதிகாரத்தை நாம் யாரிடம் யாசிக்க வேண்டும்?

அரங்கத்தையும் தேரோட்டத்தையும் குருதியையும் அத்தனை பிரயாசையுடன் சிருஷ்டித்தவர்கள், பருவக்காற்றை நம்பி மிளகுக்காகக் கலமேறிய வணிகனுக்கு ஒரு காட்சியேனும் ஒதுக்கினார்களில்லை. இதை நான் அற்பக் குறையென்று கொள்ளேன். வெறும் கேளிக்கைதானே என்னும் சமாதானமும் பொருந்தாது. நம் மாணாக்கர் பலருக்கு ரோமாபுரியைப் பற்றிக் கிடைக்கும் முதற்பாடமே அந்த வெண்திரைதான்.