ஒலி விளையாட்டுகளும் விழிப்புலனற்ற பாவனையாளரும்

மீன்பாடும் தேன்நாடு எனப் பெயர்பெற்ற மட்டக்களப்பில் விழிப்புலனற்ற சிறார்களும் ஏனையோரைப் போலவே விளையாட விரும்புகின்றனர். ஒலியை மட்டுமே கொண்டமைந்த கணினி விளையாட்டுகள் இதற்கு வழிசெய்கின்றன. இடக்காதில் காலடியோசை கேட்டால் எதிரி இடப்புறம் என உணர்ந்து விசையை அழுத்தவேண்டும். இதனூடாக விசைப்பலகைப் பயிற்சியும் கைவருகின்றது. எனவே இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட முடியாது.

வாங்குவோர் தொகை சிறிதாகையால் தயாரிப்புச் செலவைச் சிலரே சுமக்கவேண்டியுள்ளது. விலை உயர்வுக்கு இது ஓரளவு நியாயமான காரணமே. ஆனால், 20 டொலர் விலையுள்ள விளையாட்டு 2022 இன் தொடக்கத்தில் எமது நாணயத்தில் ஏறத்தாழ 4,000 ரூபாவாக இருந்து, அதே ஆண்டு மே மாதத்தில் 7,000 ரூபாவைத் தாண்டியது. வாவியை நம்பி வாழும் மீனவக் குடும்பத்திற்கு இது எட்டாத தொகையாகும்.

விலையிலும் பாரதூரமானது, வாங்கிய பின்னர் பாவனையாளர் நடத்தப்படும் விதமாகும். 2010 இல் வெளிவந்து பெரிதும் பாராட்டப்பட்ட 'பாப்பா சங்ரே' பின்னர் விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. சில விளையாட்டுகளின் அனுமதி இலக்கம் ஒரே கணினியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். கணினி பழுதடைந்தால் விற்பனையாளரையே மீண்டும் நாடவேண்டும். அவர் தொழிலைக் கைவிட்டிருந்தால் கொடுத்த பணமும் போய்விடும். பார்வையுள்ளவர் வேறொரு விளையாட்டைத் தேடிக்கொள்வார். விழிப்புலனற்றவருக்கோ மாற்றுவழிகள் மிகச் சில. சந்தை சிறிதென்பது விலைக்குக் காரணமாகலாம். முறைப்பாட்டிற்குப் பதிலளிக்காமைக்குக் காரணமாகாது.

நல்ல முன்மாதிரிகளும் உள்ளன. ஜப்பானியரான கெஞ்சி ஈனோ, 1997 இல் வெளியான தமது 'ரியல் சவுண்ட்' விளையாட்டிற்காக, ஆயிரம் விளையாட்டுக் கருவிகளைப் பார்வையற்றோருக்கு வழங்குமாறு சேகா நிறுவனத்திடம் நிபந்தனை விதித்தார். அவுஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. திரைவாசிப்பு மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது.

தொழிலை விட்டு விலகும் விற்பனையாளர், அனுமதி இலக்கமின்றி விளையாட்டு இயங்க வழிசெய்தல் வேண்டும். நாடுகளின் வருமானத்திற்கேற்ப விலை நிர்ணயிக்கப்படுதலும் அவசியம். வெளிநாட்டு விற்பனையாளரை எமது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கட்டுப்படுத்துவது எளிதன்று. ஆகவே உள்ளூர் முயற்சியே உறுதியான வழியாகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30 ஆவது உறுப்புரை பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமையாகவே அங்கீகரிக்கின்றது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணினித்துறை மாணவர்கள் தமிழில் ஒலி விளையாட்டுகளை உருவாக்குவதற்குக் கல்வியமைச்சு நிதியுதவி வழங்கவேண்டும். அவ்விளையாட்டுகள் எவ்விதப் பூட்டுமின்றி இலவசமாக விநியோகிக்கப்படவும் வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.