“ஒண்ணும் பண்ணாது, சார்!”

நம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. கயிறு எஜமானர் கையில் தொங்கும். நாய் முப்பதடி முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நாம் திடுக்கிட்டு நின்றால், “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது” என்பார். பிரெஞ்சுக்காரர்களும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள்: “இல் நே பா மெஷான்”, அதாவது பொல்லாத நாய் இல்லையாம். எந்த மொழியில் சொன்னாலும் இது தட்டிக்கழிக்கும் பேச்சுதான்.

நாய்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விடியற்காலையில் கடலோரம் நாயோடு நடப்பது நல்ல பழக்கம். நாய்க்கும் நல்லது, தனியாக வாழும் பென்ஷன்காரருக்கும் நல்லது. கடற்கரைக்கு நாயே வரக்கூடாது என்று சில நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்குத் தடை. எதற்காக? முதியவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் நடக்கத்தான். எழுபது வயதுக்காரரை நாய் கடிக்கவே வேண்டாம். விளையாட்டாகக் குறுக்கே ஓடினாலே போதும், விழுந்துவிடுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பிறகு பழையபடி நடப்பதில்லை. அப்போது “ஒண்ணும் பண்ணாது” என்றவர் எங்கே இருப்பார்?

பிரெஞ்சு ஆட்சியில் இங்கே செல்லுபடியான சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. பிராணி செய்யும் சேதத்துக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு; அது அவர் பிடியில் இருந்தாலும் சரி, தப்பி ஓடியிருந்தாலும் சரி. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் சும்மா விடவில்லை. தன் பிராணியால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“தெருநாய்கள் அவிழ்ந்துதானே திரிகின்றன?” என்று கேட்கிறார்கள். தெருநாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. அதற்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட வேண்டியது நகராட்சியின் வேலை. அதைச் செய்யச் சொல்லி நாம் எல்லோரும் கேட்போம். உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்களே! மேலும், தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் அவிழ்ந்து வரும் வீட்டு நாயைச் சூழ்ந்துகொள்ளும்போது, அதைச் சட்டென்று இழுத்துக் காப்பாற்ற உதவுவதும் அந்தக் கயிறுதான்.

“நாய் ஓட வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. ஓடட்டும், நீங்களும் கூடவே ஓடுங்கள். மணலில் விளையாட வேண்டுமென்றால் நீளக் கயிறு வாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே உள்ள மணற்கரைகளிலும் அவிழ்த்து விடாதீர்கள். சோழமண்டலக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டை போல இட்டுப் போகும். ஒரு நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் அத்தனையும் பாழ். சட்டம் புலிக்குத் தரும் அதே பாதுகாப்பைத்தான் அந்த ஆமைக்கும் தருகிறது.

கயிறோடு ஒரு பழைய பேப்பரும் பையும் கொண்டுவந்தால் இன்னும் புண்ணியம். நடைபாதையில் நாய் வைத்துவிட்டுப் போவதைத் துப்புரவுப் பெண்கள் அள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சண்டை எதற்கு என்று ஒதுங்கிப் போகாதீர்கள். “உங்க நாய் நல்ல நாய்தான் தம்பி, கயித்துல புடிச்சுக்கிட்டு வாங்க” என்று நின்று சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் பதினோராவது நாள் கயிறு நாயின் கழுத்தில் இருக்கும்.