தையல் ஆறியும் வலிக்கிறதென்றால் அது சாட்டு அல்ல

"ஒப்பரேசன் செய்து மூணு மாசமாச்சு, இன்னும் என்ன வலி?" சிசேரியன் முடிந்தோ கர்ப்பப்பை எடுத்தோ மலைக்குத் திரும்பும் பெண்கள் பலர் கேட்க வேண்டியிருக்கும் பேச்சு இது. கங்காணி மட்டுமல்ல, வீட்டாரும்தான் இப்படிப் பேசுகிறார்கள். குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்த ஆண்களுக்கும் இதே கதைதான்.

மருத்துவம் இதைச் சாட்டு என்று சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை அது நாட்பட்ட வலி என்கிறது. பெரும்பாலானோர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனாலும் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வலி தங்கிவிடுகிறது.

யாருக்குத் தங்கும் வாய்ப்பு அதிகம்? ஒப்பரேசனுக்கு முன்பே இடுப்பிலோ வயிற்றிலோ வலி இருந்தவர்களுக்கு. முதல் சில நாட்களில் கடும் வலியை அனுபவித்தவர்களுக்கு. வெட்டும்போதோ தைக்கும்போதோ நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு. அதே இடத்தில் மீண்டும் வெட்டியவர்களுக்கு. பயமும் மனக்கவலையும் உள்ளவர்களுக்கு. "சின்ன வயசுதானே" என்கிறோம். முதியவர்களைவிட இளையவர்களுக்கே இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இந்தப் பட்டியலை நம் லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். சரிவில் நின்று கூடை சுமந்த இடுப்பு, ஒப்பரேசனுக்கு முன்பே வலித்த இடுப்பு. வார்டில் தாதியிடம் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதும் நம் பெண்கள்தான். கடனும் சம்பளமில்லாத நாட்களும் தரும் கவலையைச் சொல்லவே வேண்டாம்.

2018 திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ லீவு 84 நாள். அது போராடிக் காக்க வேண்டிய உரிமை. ஆனால் 84 நாள் என்பது மூன்று மாதம்கூட இல்லை. வலி நாட்பட்டதா என்று தெரியும் முன்பே அவள் மலையில் நிற்கிறாள். அன்றே முழு நிறை கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர். கர்ப்பப்பை எடுத்தவளுக்கு அந்த 84 நாளும் கிடையாது.

பாரம் தூக்குவதால்தான் வலி தங்குகிறது என்று நான் வாதிடவில்லை. வலியோடு வருபவளின் முதுகில் பாரத்தை ஏற்றி, நிறை குறைந்ததற்குச் சம்பளத்தையும் வெட்டுவது அநியாயம் என்கிறேன்.

நம் சங்கம் இதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு, வைத்தியர் எழுதித்தரும் காலம் முழுவதும் பாரமில்லாத வேலையும் முழுப்பேரும் வேண்டும். தோட்டத்து மருந்துச்சாலையில் இரண்டு பனடோலுடன் திருப்பி அனுப்பாமல், வலி நீடிப்பவரை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். எரிவு, மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோன்ற குத்தல் இருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

சகோதரிகளே, வார்டிலேயே வலியைச் சொல்லுங்கள். மருந்து கேட்பது பலவீனமல்ல. வீட்டுக்கு வரும்போது எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது என்பதை டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். அந்தக் கார்ட்டோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். துரையிடம் பேசும்போது நமக்கு அதுதான் சாட்சி.